கீகல் செய்தால் பிரசவம் கஷ்டமாகுமா?

கோத்தகிரிக்குக் கீழே ஒரு கிராமத்திலிருந்து, முதல் பிள்ளையைச் சுமக்கும் ஒரு பெண் கேட்டிருக்கிறார். 30 வாரம் ஆகிறது. தும்மினாலோ இருமினாலோ கொஞ்சம் யூரின் கசிகிறது. யூடியூபில் பார்த்த வீடியோ தினமும் 200 தடவை கீகல், அதாவது கீழே உள்ள தசையை இறுக்கி விடும் பயிற்சி, செய்யச் சொல்கிறது. மாமியாரோ, "அதெல்லாம் செஞ்சா கீழ இறுகிப் போயி புள்ள தலை மாட்டிக்கும், குத்த வெச்சு உக்காந்து தரையத் துடை, போதும்" என்கிறார். யார் சொல்வது சரி, தையல் இல்லாமல் பிள்ளை பெற என்ன வழி என்பது கேள்வி. வளைகாப்பு முடிந்ததும் காரமடையில் அம்மா வீட்டுக்குப் போகப் போவதாகவும் எழுதியிருக்கிறார்.

கசிவு நிற்க வேண்டுமென்றால் தசை வலுவாக இருக்க வேண்டும். பிள்ளை வெளியே வர வேண்டுமென்றால் அதே தசை விலகி வழிவிட வேண்டும். ஒன்றுக்காகச் செய்யும் பயிற்சி இன்னொன்றைக் கெடுத்துவிடாதா? நீங்கள் கேட்பது இதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். கெடுக்காது. ஆனால் இறுக்கிப் பழகுவதோடு நிறுத்திக்கொண்டால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். தளர்த்திப் பழகுவது மீதிப் பாதி. வீடியோ அதைச் சொல்லவே இல்லை. உங்கள் மாமியார் சொன்னதில், காரணம் தவறாக இருந்தாலும், அது கொஞ்சம் இருக்கிறது.

நான் இயன்முறை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட். குன்னூரிலும் கோத்தகிரியிலும் பல வருடங்களாகக் கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் பார்த்து வருகிறேன். பிரசவம் பார்ப்பவள் இல்லை. உங்கள் ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ என் முன்னால் இல்லை. அதனால் இதில் எதைச் செய்வதாக இருந்தாலும், உங்களைப் பார்க்கும் டாக்டரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். குறிப்பாக நச்சுக்கொடி கீழே இருக்கிறது என்று சொல்லியிருந்தால், ரத்தக்கசிவு இருந்தால், கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருந்தால், குறைமாதப் பிரசவ பயம் இருப்பதாகச் சொல்லியிருந்தால், அவர்கள் சரி என்று சொல்லும் வரை எதையும் தொடங்க வேண்டாம்.

முன்பக்கம் அடிவயிற்றுக்குக் கீழே கையால் தொட்டால் ஓர் எலும்பு தட்டுப்படும். பின்னால் முதுகுத்தண்டு முடியும் இடத்தில் வால் எலும்பு. இந்த இரண்டுக்கும் நடுவில், பக்கத்துக்குப் பக்கம், ஒரு தூளி கட்டியதைப் போலத் தொங்கும் தசைகள்தான் இடுப்புத் தளத் தசைகள். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குவது இவைதான். சிறுநீர்த் துளை, யோனி, ஆசனவாய் மூன்றும் இவற்றின் நடுவே வெளியே வருகின்றன. தேவைப்படும்போது மூடுவதும் தேவைப்படும்போது திறப்பதும் இவற்றின் வேலை. கர்ப்பத்தில் எடை கூடிக்கொண்டே போகிறது, ஹார்மோன்கள் திசுக்களை இளக வைக்கின்றன. ஆகவே 30 வாரத்தில் தும்மும்போது கசிவது வெட்கப்பட வேண்டிய விஷயமில்லை. எங்களிடம் வருகிறவர்களில் பலர் முழங்கால் வலி என்றோ இடுப்பு வலி என்றோ ஆரம்பித்து, எழுந்து போகும்போதுதான் மெதுவாக இதைச் சொல்வார்கள். பிரசவ நேரத்தில் இந்தத் தசையின் உள்பகுதி எவ்வளவு நீள வேண்டியிருக்கும் என்று 2004ல் கணினி மாதிரி வைத்துக் கணக்கிட்டார்கள். இயல்பு நீளத்தைப்போல 3 மடங்குக்கும் மேல். உடம்பில் வேறு எந்தத் தசையும் இவ்வளவு இழுபட்டால் அறுந்துபோகும். இது பெரும்பாலான பெண்களுக்கு இழுபட்டுத் திரும்பவும் கூடிவிடுகிறது.

முதலில் கீகல். அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கீகல் 1948ல் இதைப் பற்றி எழுதினார், அதனால் அவர் பெயரே நின்றுவிட்டது. அவர் எழுதியது பிள்ளை பெற்ற பிறகு தளர்ந்துபோன தசைகளைத் தேற்றுவது பற்றி. பிரசவத்துக்கு முன்பே செய்தால் என்ன பலன் என்பதைப் பின்னால் வந்தவர்கள்தான் ஆராய்ந்தார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2020ல் அந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தது. கசிவே இல்லாத கர்ப்பிணிகள் முன்கூட்டியே பயிற்சி செய்தால், கடைசி மாதங்களில் கசிவு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 60 சதவீதம் குறைகிறது. பிரசவமாகி 3 முதல் 6 மாதம் வரையான காலத்தில் 30 சதவீதம் அளவுக்குக் குறைகிறது. இது உறுதியாகச் சொல்லக்கூடியது. ஏற்கெனவே கசிவு ஆரம்பித்துவிட்டவர்களுக்கு, கர்ப்ப காலத்திலேயே பயிற்சி அதை நிறுத்திவிடுமா என்பதற்கு அந்த அளவு தெளிவான ஆதாரம் இல்லை. உங்கள் நிலை இரண்டாவது வகை. என் அனுபவத்தில் சரியாகச் செய்கிறவர்களுக்குச் சில வாரங்களில் குறைகிறது, ஆனால் இதை அனுபவமாகத்தான் சொல்கிறேன்.

சரியாகச் செய்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நாற்காலியில் ஒரு துண்டை நீளவாக்கில் சுருட்டிப் போட்டு, அது இரண்டு தொடைக்கும் நடுவில் வரும்படி உட்காருங்கள். நாலு பேர் நடுவில் உட்கார்ந்திருக்கும்போது வாயு வெளியேறாமல் அடக்குவீர்கள் அல்லவா, அதைப்போலப் பின்பக்கத்தை இறுக்கி, அதை முன்பக்கம் வரைக்கும் கொண்டுவந்து உள்ளே மேலே தூக்குங்கள். துண்டின் மேலிருந்து உடம்பு லேசாக விலகுவது தெரியும். விடும்போது திரும்ப வந்து துண்டில் படிவது தெரிய வேண்டும். புட்டம் இறுகினாலோ, தொடை சேர்ந்தாலோ, மூச்சு நின்றாலோ வேறு தசையை வேலை வாங்குகிறீர்கள் என்று அர்த்தம். யூரின் போகும்போது பாதியில் நிறுத்திப் பார்க்கச் சொல்வார்கள். தசை எது என்று தெரிந்துகொள்ள ஒரு தடவை பார்ப்பதோடு சரி, அதையே பயிற்சியாக வைத்துக்கொண்டால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போகலாம். யோகா தெரிந்தவர்கள் மூலபந்தம் என்று ஏறத்தாழ இதையேதான் செய்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது, இப்போதைக்கு மூச்சை அடக்கிச் செய்யாதீர்கள் என்பது மட்டும்தான்.

எத்தனை தடவை? 200 தேவையே இல்லை. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு ஒரு வேளைக்கு குறைந்தது 8 வீதம், நாளைக்கு மூன்று வேளை, மூன்று மாதமாவது செய்யச் சொல்கிறது. ஆறிலிருந்து பத்து எண்ணும் வரை பிடித்து வைத்து, அதே அளவு நேரம் முழுதாக விட்டுவிட்டு, அடுத்தது. ஆரம்பத்தில் மூன்று எண்ணும் வரைதான் பிடிக்க முடிகிறது என்றால் மூன்றே போதும், வாரா வாரம் கூட்டிக்கொள்ளலாம். கடைசியில் சட்டென்று இறுக்கிச் சட்டென்று விடுவதாக ஒரு பத்து. நாள் முழுக்க இறுக்கிக்கொண்டே இருந்தால் தசை களைத்துப்போகும், களைத்த தசை தும்மல் வரும்போது கைகொடுக்காது.

தும்மலுக்கு என்றே ஒரு உபாயம் உண்டு. தும்மல் வரப்போகிறது என்று மூக்கு சொன்ன நொடியில் கீழே இறுக்கித் தூக்கிவிட்டு, பிறகு தும்முங்கள். இருமலுக்கும், குடத்தைத் தூக்குவதற்கும் இதேதான். முதல் ஒரு வாரம் மறந்துபோகும், பிறகு தானாக வரும். பனிக்காலத்தில் நம் மலையில் இருமல் யாரையும் விடுவதில்லை என்பதால் பயிற்சி கொடுக்கும்போது நான் முதலில் சொல்லித்தருவது இதுதான். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், காசநோய் இல்லை என்று உறுதிசெய்ய, சளிப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

இந்த இடத்தில் இரண்டு எச்சரிக்கை. எரிச்சலோடு அடிக்கடி போக வேண்டியிருந்தால் அது தசைப் பிரச்சினையாக இல்லாமல் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துவிடலாம். இன்னொன்று, தும்மாமல் இருமாமல் தானாகவே தண்ணீர் போல வழிந்துகொண்டிருந்தால், யூரின் வாடை இல்லாமல் இருந்தால், பனிக்குடம் கசிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். நாப்கின் வைத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், விடியட்டும் என்று இருக்க வேண்டாம்.

இனி மாமியாரின் பயத்துக்கு வருகிறேன். அந்தப் பயம் அவருக்கு மட்டும் இல்லை, ஒரு காலத்தில் டாக்டர்களுக்கே இருந்தது. குதிரை ஏறும் பெண்களுக்கும் நடனக்காரர்களுக்கும் கீழே தசை இறுகிப் பிரசவம் சிரமம் என்று மேல்நாட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள். நார்வேயில் இதை நேராகவே சோதித்தார்கள். முதல் கர்ப்பத்தில் இருந்த 301 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு 20வது வாரத்திலிருந்து 36வது வாரம் வரை இந்தப் பயிற்சி கொடுத்தார்கள். 2004ல் முடிவு வந்தது. பயிற்சி செய்தவர்களில், முக்கிப் பெறும் கட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்துக்கொண்டே போனவர்கள் மற்றவர்களைவிடக் குறைவு. அதே நாட்டில் 18,000க்கும் மேற்பட்ட முதல் பிரசவங்களைப் பின்தொடர்ந்த வேறொரு ஆய்வில், பயிற்சியால் பிரசவம் கடினமானதாகத் தெரியவில்லை. எளிதானதாகவும் தெரியவில்லை. எனவே கீகல் பிள்ளையின் வழியை அடைக்காது என்பது உறுதி. கீகல் செய்தால் பிரசவம் சுலபமாகும் என்று யாராவது விற்றால் அதை நம்ப வேண்டாம்.

ஆனால் ஒரு சிலருக்கு மாமியார் சொல்வது அப்படியே பொருந்தும். பிறவியிலேயோ, பயத்தாலோ, பழைய வலியாலோ இந்தத் தசையை எப்போதும் இறுக்கியே வைத்திருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். கணவனோடு சேரும்போது வலி, டாக்டர் உள்ளே பரிசோதிக்க விரல் வைத்தாலே துடித்து எழுவது, மலம் வர நெடுநேரம் முக்குவது, யூரின் ஆரம்பிக்கவே நேரமாவது, இவை இருந்தால் அந்த வகை என்று சந்தேகிக்கலாம். அவர்களுக்கு இறுக்கும் பயிற்சி வேண்டாம், தளர்த்துவது மட்டும் போதும். இதில் எது உங்களுக்கு இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் மேலே சொன்ன எண்ணிக்கையை மறந்துவிட்டு அடுத்ததைப் படியுங்கள்.

தளர்த்துவதற்குக் கருவி மூச்சுதான். வயிறு விரியும்படி மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சுக்குக் கீழே உதரவிதானம் இறங்குகிறது, அதோடு சேர்ந்து இடுப்புத் தளமும் கொஞ்சம் இறங்கி விரிகிறது. வெளியே விடும்போது இரண்டும் ஏறுகின்றன. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்து, ஐந்து நிமிடம் இதை மட்டும் கவனியுங்கள். மூச்சு உள்ளே போகும்போது கீழே ஏதோ பூப்போல விலகுவது தெரியும், ஆனால் முதல் இரண்டு மூன்று நாள் ஒன்றுமே தெரியாமல் போகலாம். தெரியாவிட்டால் முதலில் லேசாக இறுக்கி, பிறகு முழுதாக விட்டுப் பாருங்கள். அந்த வித்தியாசம்தான் பாடம். 34, 35 வாரத்துக்கு மேல் இறுக்குவதைவிட இதற்கே அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். இறுக்குவதை நிறுத்த வேண்டியதில்லை. தாடையையும் வாயையும் தளர்த்தினால் கீழேயும் தளரும் என்று பல மருத்துவச்சிகள் சொல்வார்கள். அதற்கு வலுவான ஆய்வு இல்லை, ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு கீழே தளர்த்த முயன்று பாருங்கள், நடக்காது. செலவில்லாத விஷயம், செய்து பார்ப்பதில் நஷ்டமில்லை.

இதைப் பழகிப் பார்க்க நல்ல இடம் கழிவறை. முதல் பிள்ளைக்காரர்கள் பலர் முக்கச் சொன்னால் வயிற்றால் தள்ளிக்கொண்டே கீழே இறுக்கிக்கொள்கிறார்கள், தங்களுக்கே தெரியாமல். மலம் கழிக்கும்போது மூச்சைப் பிடித்து முக்காமல், வாயால் "ஊ…" என்று ஊதிக்கொண்டே கீழே விட்டுக்கொடுத்துப் பாருங்கள். எந்தத் திசையில் தள்ள வேண்டும் என்பது அப்போதுதான் உடம்புக்குப் புரியும். வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கடியில் ஒரு சிறு மனை போட்டு முழங்காலை இடுப்புக்கு மேலே கொண்டுவாருங்கள்.

அப்புறம் தரை துடைப்பது. குத்த வைத்து உட்காரும்போது இடுப்பெலும்பின் கீழ்வாசல் கொஞ்சம் அகலமாகிறது, இடுப்புத் தளமும் நீள்கிறது. ஆகவே தினமும் சில நிமிடம் அப்படி உட்காருவது நல்ல பழக்கம். இப்போதைய வயிற்றோடு கட்டிலின் காலையோ ஜன்னல் கம்பியையோ பிடித்துக்கொண்டு, குதிகால் தரையில் பதிய, முட்டி வெளிப்பக்கம் பார்க்க உட்காருங்கள். குதிகால் பதியவில்லை என்றால் அடியில் மடித்த போர்வை வையுங்கள். சப்பணம் போடுவது, பாதங்களைச் சேர்த்து உட்காரும் பட்டாம்பூச்சி ஆசனம், நாலு காலில் நின்று முதுகை மெதுவாக வளைப்பது எல்லாம் நல்லதுதான். ஆனால் தரை துடைத்தால் சுகப்பிரசவம் என்பதற்கு ஆதாரம் கிடையாது. துடைக்கிறவர்களுக்கும் சிசேரியன் ஆகிறது, துடைக்காதவர்களுக்கும் சுகமாகப் பிறக்கிறது. முன்னெலும்பு நடுவில் சுருக்கென்று வலித்தால், படி ஏறும்போதோ கட்டிலில் புரளும்போதோ அது கூடினால், காலை அகட்டி ஆழமாக உட்காரவே கூடாது. மேடும் பள்ளமுமான நம் ஊர்ப் படிக்கட்டில் தினம் நடப்பவர்களுக்கு இந்த வலி வந்தால் ரொம்பத் தொந்தரவு கொடுக்கும், ஒரு காலில் நின்று சேலையோ பேண்டோ மாட்டுவதையும் நிறுத்திவிடுங்கள்.

தையல் விஷயத்தில் முன்கூட்டியே செய்யக்கூடியவற்றில் ஓரளவு நிரூபணமானது ஒன்றுதான், யோனிக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் இருக்கும் பகுதியை எண்ணெய் தொட்டு நீவிவிடுவது. 34, 35 வாரத்துக்குப் பிறகு, வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை, ஐந்து நிமிடம். நகம் வெட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவி, சாய்ந்து உட்கார்ந்து, கட்டைவிரலை ஒரு அங்குலத்துக்குச் சற்று அதிகமாக உள்ளே வைத்து, ஆசனவாய்ப் பக்கமாகக் கீழே அழுத்தி, பிறகு இரண்டு பக்கமும் அரைவட்டமாக இழுத்து நீவ வேண்டும். லேசான எரிச்சலும் இழுப்பும் இருக்கும், வலி வரக்கூடாது. அந்த இழுப்பின்போது மூச்சைவிட்டுத் தளர்ந்து இருக்கப் பழகுவதுதான், நீவுவதைவிடப் பெரிய லாபம் என்று எனக்குத் தோன்றும். முன்பக்கம் சிறுநீர்த் துளையை அழுத்த வேண்டாம். வயிறு மறைப்பதால் கை எட்டாது, விருப்பமிருந்தால் கணவர் உதவலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். சுத்தமான தேங்காய் எண்ணெயே போதும். அது 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், நம் ஊரில் வருஷத்தில் பாதி நாள் பாட்டிலில் கட்டியாகத்தான் இருக்கும். கொஞ்சம் எடுத்து வெந்நீரில் கிண்ணத்தை வைத்து இளக்கிக்கொள்ளுங்கள். வெள்ளைப்படுதல் அரிப்போடு இருந்தாலோ, புண் இருந்தாலோ, பனிக்குடம் கசிந்தாலோ செய்யக்கூடாது. பலன் எவ்வளவு என்றால், இதற்கு முன் சுகப்பிரசவம் ஆகாத 15 பேர் செய்தால் அதில் ஒருவருக்குத் தையல் தவிர்கிறது. அவ்வளவுதான். தினமும் செய்தால் இன்னும் நல்லது என்றும் இல்லை. பிடிக்கவில்லை என்றால் குற்ற உணர்ச்சியே இல்லாமல் தவிர்க்கலாம். ஆன்லைனில் ஊதிப் பெரிதாக்கும் பலூன் கருவி ஒன்று விற்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் செய்து 2016ல் வெளியான பெரிய ஆய்வில் அது தசைக்காயத்தைக் குறைக்கவில்லை. அந்தக் காசுக்குப் பழம் வாங்கலாம்.

இவ்வளவும் செய்தால் தையல் இருக்காது என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது, யாராலும் முடியாது. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி சொல்லும் கணக்கில், முதல்முறை கீழ்வழியாகப் பெறுகிறவர்களில் 10க்கு 9 பேருக்கு ஏதோ ஒரு சிராய்ப்போ கிழிசலோ வெட்டோ ஏற்படுகிறது. பெரும்பாலும் சில வாரத்தில் ஆறிப்போகிறவை. ஆசனவாய்த் தசை வரைக்கும் போகும் பெரிய கிழிசல் 100க்கு 6 பேருக்கு. பிள்ளையின் எடை, தலை திரும்பியிருக்கும் விதம், ஆயுதம் போட்டு எடுக்க வேண்டி வருவது, இதெல்லாம் உங்கள் பயிற்சியைவிடப் பெரிய காரணங்கள். ஆகவே நாளைக்குத் தையல் போட்டால், நான் ஒழுங்காகச் செய்யவில்லையோ என்று உட்கார்ந்து அழாதீர்கள்.

பிரசவ அறையில் நடப்பதும் இதில் பாதி. முதல் பிரசவம் என்றாலே கீழே வெட்டிவிடுவது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. எல்லோருக்கும் வெட்டத் தேவையில்லை, அவசியமானவர்களுக்கு மட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018ல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. பிள்ளைக்கு மூச்சுத் திணறினாலோ ஆயுதம் போட வேண்டியிருந்தாலோ வெட்டுவதுதான் சரி, அப்போது மறுக்காதீர்கள். முக்கும் கட்டத்தில் வெந்நீரில் பிழிந்த துணியைக் கீழே ஒத்திப் பிடித்தால் பெரிய கிழிசல்கள் குறைகின்றன என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது, எந்த ஆஸ்பத்திரியிலும் முடிகிற காரியம். மல்லாந்து படுத்துத்தான் பெற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒருக்களித்தோ உட்கார்ந்தோ பெறலாம், ஆனால் மேஜை, ஆள் வசதி பார்த்துத்தான் அவர்கள் ஒப்புக்கொள்வார்கள். தலை தெரியும் நேரத்தில் "முக்காதே, ஊது" என்று சொன்னால், மெழுகுவத்தியை அணைப்பதுபோல் சின்னச் சின்னதாக ஊதி, தலை மெதுவாக வர விடுங்கள். மூச்சைப் பிடித்து முக்குவதா, ஊதிக்கொண்டே முக்குவதா எது தசைக்கு நல்லது என்பதில் ஆய்வுகள் முடிவாக எதுவும் சொல்லவில்லை. உங்களுக்கு வசதியானபடி செய்யுங்கள். இதையெல்லாம் வலி வந்த பிறகு கேட்டால் யாரும் பதில் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். 36வது வாரச் செக்கப்பில், "அவசியம் இருந்தா மட்டும் வெட்டுவீங்களா? எங்க அம்மா கூட இருக்கலாமா?" என்று பணிவாகக் கேட்டு வைத்துவிடுங்கள்.

காரமடைக்குப் போவதாக இருந்தால் 36 வாரத்துக்குள் இறங்கிவிடுவது நல்லது. மலைப்பாதையில் குலுங்கினால் கீழே தளர்ந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை, கவலை வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ரோட்டில் மண் சரிந்தால் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. 2009 நவம்பரை அனுபவித்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இறங்கும்போது பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) உள்ள தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டுக் கையிலேயே வைத்திருங்கள். இங்கேயே இருந்துவிடுவதாக முடிவு செய்தால், இரவில் வலி வந்தால் எந்த ஆஸ்பத்திரி, அங்கே சிசேரியன் செய்ய ஆள் இருப்பார்களா, இல்லாவிட்டால் எங்கே அனுப்புவார்கள் என்பதை இப்போதே செவிலியரிடம் கேட்டுவிடுங்கள்.

இத்தனை பயிற்சியையும் தினம் காலையில் கெடுப்பது மலச்சிக்கல். குளிரில் தண்ணீர் குடிக்கவே தோன்றாது, இரும்புச் சத்து மாத்திரை வேறு மலத்தைக் கட்டும். நாள் கணக்கில் முக்கினால் தசை கீழ்நோக்கி இழுபட்டுக்கொண்டே இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரை ஃபிளாஸ்க்கில் வைத்துக் குடியுங்கள். பீன்ஸ், அவரை, கீரை, கேரட், கொய்யா எல்லாம் நம் ஊர்ச் சந்தையில் கிடைப்பவைதான். மலம் கட்டுகிறது என்று மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், சொன்னால் மாற்றித் தருவார்கள். டீ நம் ஊர்க்காரர்களுக்கு உயிர், ஆனால் மாத்திரை போட்ட கையோடு டீ குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒன்றிரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், கால்சியம் மாத்திரையையும் சேர்த்துப் போடாதீர்கள். தோட்டத்துக்குப் போகிறவராக இருந்தால் இலை பறிப்பதில் தவறில்லை, இலை மூட்டையைத் தலையில் ஏற்றி எடை போடும் இடம் வரை நடப்பதை நிறுத்துங்கள். விறகுச் சுமை, உர மூட்டை, கேஸ் சிலிண்டரும் அப்படித்தான். எதையாவது தூக்கியே ஆக வேண்டும் என்றால் மூச்சை வெளியே விட்டுக்கொண்டே, கீழே இறுக்கிக்கொண்டு தூக்குங்கள்.

பிள்ளை பிறந்த பிறகு, யூரின் தானாகப் போக ஆரம்பித்ததும், வலி பொறுக்கும் அளவில், முதல் சில நாட்களிலேயே லேசாக இறுக்கி விட ஆரம்பிக்கலாம். தையல் இருந்தாலும் செய்யலாம், தையல் பிரியாது. சிசேரியன் ஆனவர்களுக்கும் இது உண்டு. வயிற்றில் ஒன்பது மாதம் சுமந்த பாரம் அவர்களுக்கும் அதே பாரம்தானே. பச்சை உடம்பு, தண்ணீர் குடித்தால் வயிறு போட்டுவிடும் என்று சொல்லி டம்ளர் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. இதற்கு மட்டும் யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள், மலம் கட்டித் தையலில்தான் போய் நிற்கும். வயிற்றில் துணி கட்டுவது இடுப்புக்கு ஆதரவாக இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். லேசாகக் கட்டினால் பாதகமில்லை, மூச்சு முட்ட இறுக்கினால் அந்த அழுத்தம் கீழே இறங்கும். காய்ச்சல், நாற்றமடிக்கும் போக்கு, யூரின் போக முடியாமல் வயிறு உப்புவது, மலமோ வாயுவோ அடக்க முடியாமல் போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.

மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் கசிவு நிற்கவில்லை, அல்லது கீழே ஏதோ இறங்கி முட்டுவதுபோல் இருக்கிறது என்றால், பிள்ளை பெற்றால் அப்படித்தான் என்று யாராவது சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருந்துவிடாதீர்கள். பெண்கள் டாக்டரிடம் காட்டிவிட்டு, இயன்முறை சிகிச்சைக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இருக்கும் இயன்முறை சிகிச்சையாளரை எப்படிப் பார்ப்பது என்று உங்கள் சுகாதார நிலையத்தில் விசாரித்தால் சொல்வார்கள். போகும்போது, ஒரு நாளில் எத்தனை தடவை யூரின் போகிறது, எப்போதெல்லாம் கசிகிறது என்று மூன்று நாளைக்கு ஒரு தாளில் குறித்து எடுத்துக்கொண்டு போங்கள். பாதி பரிசோதனை அதிலேயே முடிந்துவிடும்.